வீட்டில் பொருத்திய கணினியில் விண்டோஸ் 11 ஏற மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொஃப்ட் இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறைவடைந்தன. அன்றிலிருந்து வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் உறவினர், அயலவர் வீடுகளுக்கு நான் போகும்போதெல்லாம், மூலையில் இருக்கும் கணினியைக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “தம்பி, இது இனி உதவாதோ?” அந்தக் கணினிகளுள் பெரும்பாலானவை பத்து ஆண்டுகளுக்கு முன்னர், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மதர்போர்ட், பிராசசர், ரேம், கேசிங் என்று ஒவ்வொன்றாக வாங்கி வீட்டிலேயே பொருத்தப்பட்டவை. 2022 இல் ஒரு டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது புதிய பாகங்கள் வாங்கும் எண்ணத்தைப் பலரும் கைவிட்டு, இருந்ததையே தூசு தட்டிப் பாதுகாத்து வந்தார்கள். அவற்றைக் குப்பையில் போடுவதற்கு முன்னர் முயன்று பார்க்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

விண்டோஸ் 11 கேட்பவை இவை: இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை முதலான பிராசசர், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்கும் வசதி) உள்ள யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகைப் பயோஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். இவற்றுள் சில உண்மையான தேவைகள்; சில மைக்ரோசொஃப்ட் தன் கொள்கையாக வகுத்த எல்லைகள். எது எந்த வகை என்பதை, நிறுவல் எந்தக் கட்டத்தில், எந்த விதமாக நிற்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். தெளிவான வாசகம் எழுதி மறுத்தால் மறுப்பது நிறுவல் மென்பொருள், அதற்கு வழியுண்டு. தொடங்கி நடுவில் அறுந்துபோனால் ரேமையோ பென் டிரைவையோ வயரையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தால், பிராசசரிலேயே இல்லாத ஒன்றை இயங்குதளம் கேட்கிறது என்று எண்ண வேண்டும். அங்கே எந்தத் தந்திரமும் பலிக்காது.

கை வைப்பதற்கு முன்னர் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். படங்கள், ஆவணங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் யாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, பிறகு கழற்றி அலுமாரியில் வையுங்கள். கணினிக்குள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால், நிறுவி முடியும் வரை அதை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா வயரை உருவி விடுங்கள். திரையில் “டிஸ்க் 0”, “டிஸ்க் 1” என்று மட்டும் காட்டும் இடத்தில் தவறான தட்டை அழித்துவிட்டு, பத்து வருடக் குடும்பப் படங்களை இழந்த ஒருவரின் முகத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நிறுவல் கோப்பை மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அது 5 ஜிபிக்கு மேற்பட்டது. இரவு நேர டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியபின், கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று அறிய, தரவிறக்கப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணுடன் உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிடுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னர் இரண்டு நாட்களைத் தொலைக்கிறார்கள்.

அறிகுறி: “இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது” என்னும் அறிவிப்பு

இதைக் கண்டதும் தடையை உடைக்கும் வழியைத் தேடாதீர்கள். முதலில் பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மதர்போர்டுகள் பலவற்றில் டிபிஎம் வசதி பிராசசருடன் இணைந்தே இருக்கிறது. ஆனால் கடையிலிருந்து வந்த நாள் முதல் அது அணைக்கப்பட்டே கிடக்கும். இன்டெல் அதைப் பிடிடி என்றும் ஏஎம்டி அதை எஃப்டிபிஎம் என்றும் அழைக்கின்றன. செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்ட் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடி இயக்குங்கள். பழைய விண்டோஸில் தரவைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், டிபிஎம் அமைப்பை மாற்றுவதற்கு முன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தரவே உங்களுக்குக் கதவடைக்கும்.

மதர்போர்டில் டிபிஎம் பொருத்தும் ஊசி வரிசை இருக்கிறது என்பதற்காகத் தனிச் சில்லு வாங்க அலையாதீர்கள். 14 ஊசி, 20 ஊசி என்று அவை வேறுபடும். ஒரு நிறுவனத்தின் சில்லு இன்னொன்றின் பலகையில் பொருந்தாது. பொருந்தினாலும் நான்காம் தலைமுறை பிராசசர் ஆதரவுப் பட்டியலுக்குள் வந்துவிடப் போவதில்லை. அந்தப் பணத்தை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

டிபிஎம்மும் இல்லை, பிராசசரும் பழையது என்றால் ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பென் டிரைவைத் தயாரியுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 ஆகியவற்றைக் கட்டாயமாகக் கேட்பதை நீக்கும் தெரிவு இருக்கும், அதற்கு அடையாளமிடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கைக் கட்டாயமாகக் கேட்பதை நீக்கும் தெரிவும் அதே பெட்டியில் உண்டு. அதையும் இப்போதே தெரிவு செய்துவிட்டால் பின்னர் ஒரு சிக்கல் குறையும். ரூஃபஸ் விண்டோஸின் உள்ளே எதையும் சிதைப்பதில்லை. குறித்த சோதனைகளைத் தாண்டிச் செல்லுமாறு அமைப்புகள் பதியப்படும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) சில மதிப்புகளை எழுதுகிறது, அவ்வளவுதான். இந்தப் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நிறுவினால் அந்த அறிவிப்பு வராது.

அறிகுறி: பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கவே இல்லை

கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிவு செய்யும் பூட் மெனுவைத் திறக்கும் விசை மதர்போர்டுக்கு மதர்போர்ட் மாறும்: கிகாபைட் எஃப்12, அஸுஸ் எஃப்8, எம்எஸ்ஐ, அஸ்ராக் இரண்டும் எஃப்11. மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று குறிப்பிட்டிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். பெயரே வராவிட்டால் கேசிங்கின் முன்பக்கத் துளையை விட்டு, மதர்போர்டின் பின்பக்கத்தில் உள்ள யூஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள். மலிவான கேசிங்குகளின் முன்பக்க வயர்கள் தரமற்றவை. அவற்றை நம்பி இயங்குதளம் நிறுவக் கூடாது.

அறிகுறி: பயோஸில் சிஎஸ்எம்மை அணைத்தபின் திரை கறுப்பாகிவிட்டது

இது பலரையும் கலங்க வைக்கும் அறிகுறி. மதர்போர்ட் செத்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்கள். அப்படி அல்ல. ஜீஃபோர்ஸ் 210 போன்ற பழைய கிராபிக்ஸ் கார்டுகளுக்குள் யூஇஎஃப்ஐ முறையில் படம் காட்டும் நிரல் கிடையாது. பழைய முறையைத் தாங்கிப் பிடிக்கும் சிஎஸ்எம்மை நீங்கள் அணைத்தவுடன், கார்டுக்கும் பயோஸுக்கும் பொது மொழி இல்லாமல் போகிறது. மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, மொனிட்டர் வயரை மதர்போர்டின் சொந்தத் துளையில் செருகுங்கள். அப்போதும் படம் வராவிட்டால் சிஆர்2032 பட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்து, பயோஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். கழற்றிய பட்டரி பத்து வருடப் பழையது என்றால் புதியதையே போடுங்கள். அது இறந்தால் கணினியின் திகதி பல வருடங்கள் பின்னால் போகும், திகதி பிழைத்தால் இணையத் தளங்களின் சான்றிதழ்கள் யாவும் பிழையாகத் தோன்றும், மேம்படுத்தலும் இறங்காது. அந்தச் சிறு வட்டப் பட்டரியால் ஒரு முழு நாளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லாத கணினி என்றால் சிஎஸ்எம்மை இயங்க விட்டு, ரூஃபஸில் எம்பிஆர் என்னும் பழைய தட்டுப் பிரிப்பு முறையைத் தெரிவு செய்து பழைய வழியிலேயே நிறுவலாம். செக்யூர் பூட் அப்போது கிடைக்காது என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

பயோஸைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். அத்தகைய ஒரு கணத்தில் பயோஸ் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றால், அந்த மதர்போர்டை வீட்டில் வைத்து மீட்பது மிகவும் கடினம்.

அறிகுறி: தட்டு தெரிகிறது, ஆனால் அதில் நிறுவ முடியாது என்கிறது

தட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்களோ யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியிருக்கிறீர்கள். பிரதி எடுத்துவிட்டீர்கள் என்றால் எளிய வழி, அந்தத் தட்டின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்து வெற்றிடமாக்கி, அந்த வெற்றிடத்தையே தெரிவு செய்து தொடர்வதுதான். யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி என்னும் புதிய பிரிப்பு முறையை நிறுவல் மென்பொருள் தானாக அமைத்துக்கொள்ளும். அழிக்க விரும்பாதவர்களுக்கு விண்டோஸ் 10 உடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி இருக்கிறது. ஆனால் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது மாற்ற மறுக்கும்.

தட்டே தெரியவில்லை என்பது வேறு நோய். சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள். புதிதாக வாங்கிய என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் மூலம் எச்81 போன்ற பழைய மதர்போர்டில் செருகியிருந்தால், விண்டோஸ் அதைக் காணும், ஆனால் பயோஸ் அதிலிருந்து தொடங்க அறியாது. அத்தகைய கணினிக்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே சரியானது.

அறிகுறி: கோப்புகளைப் பிரதி செய்யும்போது நடுவில் அறுகிறது

இந்த இடத்தில்தான் அதிகம் பொறுமை வேண்டும். 0எக்ஸ்80070570 போன்ற எண்ணுடன், கோப்பு சிதைந்துவிட்டது அல்லது வாசிக்க முடியவில்லை என்று சொல்லி நிறுவல் நிற்கும். ஆதரவு இல்லாத கணினி என்பதால்தான் இப்படி நடக்கிறது என்று எண்ணி மக்கள் இன்னும் பத்து வகையான தடை நீக்கும் கருவிகளைத் தேடிப் போவார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆதரவுச் சோதனையை ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். இப்போது தடுமாறுவது இரும்பு, அதாவது ரேம், வயர் போன்ற வன்பொருள்.

வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில், மாமி வீட்டுக் கணினியில் நான் கண்டது இது. ஐ5-4570 பிராசசர், எச்81 மதர்போர்ட், 4 ஜிபி வீதம் இரண்டு ரேம். முதல் முறை 38 வீதத்தில் நின்றது. இரண்டாம் முறை 61 வீதத்தில் நின்றது. மூன்றாம் முறை 12 இல். ஒரே இடத்தில் நின்றிருந்தால் பென் டிரைவில் அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பதால் ரேமைக் கழற்றினேன். பொன்நிறமாக இருக்க வேண்டிய விளிம்புத் தகடுகள் மங்கிப் பழுப்பேறி, இரண்டு மூன்றில் பச்சைப் புள்ளிகளும் இருந்தன. அந்த வீட்டில் பின்னேரம் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேரே கேசிங்குக்குள் போகும். பள்ளிக்கூடப் பையிலிருந்து வெள்ளை அழிறப்பர் ஒன்றை வாங்கி, தகடுகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். றப்பர் கறுப்பானது, தகடு மினுங்கியது. துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, இரண்டு பக்கப் பூட்டும் “டிக்” என்று விழும்வரை ரேமை அழுத்திப் பொருத்தினேன். நான்காம் முறை நிற்காமல் நூறைத் தொட்டது.

துடைத்தும் தீராவிட்டால் ஒரு ரேமை மட்டும் விட்டு நிறுவிப் பாருங்கள், பிறகு மற்றதை மட்டும். உறுதியாக அறிய விரும்பினால் மெம்டெஸ்ட்86 மென்பொருளை வேறொரு பென் டிரைவில் எழுதி ஓர் இரவு ஓடவிடுங்கள்; ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. ரேம் சுத்தமாக இருந்தும் அறுந்தால் பென் டிரைவை மாற்றுங்கள், பிறகு சாட்டா வயரை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது காரணம் என்பது அப்போது தெரியாமலே போய்விடும்.

அறிகுறி: இணைய இணைப்பைக் கேட்டு அதற்கு மேல் நகரவில்லை

நிறுவி முடிந்து பெயரும் நாடும் கேட்கும் கட்டத்தில் இது வரும். மதர்போர்டின் லேன் சில்லுக்கான டிரைவர் இல்லாததே வழமையான காரணம். அன்ட்ரொய்ட் கைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, கைபேசியில் யூஎஸ்பி டெதரிங் வசதியை இயக்குங்கள். விண்டோஸ் அதை ஒரு வலைய அட்டையாக ஏற்றுக்கொண்டு தொடரும். எந்த டிரைவரும் இறக்கத் தேவையில்லை.

அறிகுறி: எல்லாம் முடிந்தது, ஆனால் நத்தை போல ஊர்கிறது

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நிறுவியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் தட்டின் பயன்பாடு நூறு வீதத்திலேயே நிற்கும். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடும் வரை அந்தக் கணினி யாருக்கும் மனநிறைவு தராது.

எஸ்எஸ்டி இருந்தும் மந்தம் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் என்னும் பக்கத்தைத் திறந்து, மெமரி இன்டெக்ரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்குதளத்தின் கருவுக்குள் தீய நிரல் நுழையாமல் காக்கும் வசதி அது. ஏழாம் தலைமுறை முதலான இன்டெல்லும் ஸென் 2 முதலான ஏஎம்டியும் அதற்கான துணையைப் பிராசசருக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதற்கு முந்தியவை அதே வேலையை மென்பொருளால் செய்ய வேண்டியிருப்பதால் கூடுதலாகக் களைக்கின்றன. வங்கி வேலை செய்யும் கணினியில் அதை இயங்க விடுவதையே நான் விரும்புகிறேன். பாடமும் படமும் மட்டும் பார்க்கும் கணினியில் அணைத்துப் பார்த்து வேறுபாட்டை நீங்களே தீர்மானியுங்கள்.

பிள்ளைகள் வலோரன்ட் விளையாடுவார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: விண்டோஸ் 11 இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் தானே சோதிக்கும். நிறுவலின்போது தவிர்த்த சோதனை அங்கே திரும்பி வரும்.

அறிகுறி: விண்டோஸ் சின்னம் தோன்றுமுன்னரே மீண்டும் மீண்டும் அணைந்து எழுகிறது

அறிவிப்பு இல்லை, எண் இல்லை. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் கணினிகளில் இதைக் காணலாம். 2024 இல் வந்த 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 இன் கரு பாப்கவுன்ட் என்னும் கட்டளையையும் எஸ்எஸ்இ4.2 தொகுதியையும் பயன்படுத்துகிறது. இன்டெல்லில் இவை 2008 இல் வந்த முதலாம் தலைமுறை கோர் ஐ7 இலிருந்தும், ஏஎம்டியில் இரண்டும் சேர்ந்து 2011 இன் புல்டோசரிலிருந்தும் இருக்கின்றன. சிபியு-ஸெட் என்னும் சிறு மென்பொருளை விண்டோஸ் 10 இல் இருக்கும்போதே ஓட்டி, கட்டளைகள் என்னும் வரியில் எஸ்எஸ்இ4.2 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ரூஃபஸ் உட்பட எந்தக் கருவிக்கும் அங்கே வேலை இல்லை. அதற்கு முந்திய 23எச்2 பதிப்பை ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 நவம்பர் 11 அன்று முடிந்துவிட்டதால் அதில் பயனில்லை.

அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் 22 என்னும் இலவச இயங்குதளத்தை நான் நிறுவிக் கொடுக்கிறேன். 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வரும்; தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்கென்று தனித் தெரிவும் இருக்கிறது. கடிதம் எழுதவும், செய்தி வாசிக்கவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் பேசவும் அது போதும்.

அறிகுறி: மாதாந்த மேம்படுத்தல் வருகிறது, புதிய பதிப்பு மட்டும் வரவில்லை

ஆதரவில்லாத கணினிக்கு மேம்படுத்தல்களுக்கு உரிமை இல்லை என்று மைக்ரோசொஃப்ட் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. நடைமுறையில் மாதாந்தப் பாதுகாப்புத் தொகுப்புகள் இதுவரை வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் புதிய பதிப்பு தானாக வழங்கப்படுவதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் இரண்டு ஆண்டு ஆதரவே உண்டு என்பதால் இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. அமைப்புப் பக்கத்தில் உங்கள் பதிப்பு எண்ணைப் பார்த்து, அதன் முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகப் புதிய நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸின் அண்மைய பதிப்பால் பென் டிரைவை மீண்டும் எழுதி, இம்முறை கணினியை அதிலிருந்து தொடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்அப் கோப்பைத் திறவுங்கள். கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்திருக்கும் தெரிவு காட்டப்பட்டால் மட்டும் தொடருங்கள். காட்டப்படாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏறியபின் ஏதேனும் பிழைத்தால் பத்து நாட்களுக்குள் மீட்புப் பக்கத்தின் வழியே பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாட்களும் வட்டுச் சுத்திகரிப்பு எதையும் ஓட்டாதீர்கள், பழைய பதிப்பு வைக்கப்பட்டிருக்கும் கோப்புறையை அது அழித்துவிடும்.